குன்னூருக்குக் குடிவருகிறீர்களா? ஏர் ஃப்ரையரும் ஓ.டி.ஜி.யும் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

மூன்று வருடங்களுக்கு முன் திருச்சியிலிருந்து குன்னூருக்கு வீடு மாற்றி வந்தோம். முதல் ஆறு மாதத்திலேயே சமையலறைக்கு ஐந்து மின்கருவிகள் வாங்கினேன். அதில் இன்று தினமும் கை படுவது இரண்டுதான். ஒன்று எரிந்துபோனது. ஒன்றை மைத்துனி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இன்னொன்று பரணில் கிடக்கிறது.

கருவிகள் எல்லாம் நல்ல கருவிகள்தான். திருச்சியில் இருந்திருந்தால் நன்றாகவே உழைத்திருக்கும். மலை வீட்டின் வயரிங் வேறு, இங்கே தண்ணீர் கொதிக்கிற சூடு வேறு, ரிப்பேர் என்றால் கருவியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிய தூரம் வேறு. இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, வீடியோக்களிலும் இல்லை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று எங்கே புதிதாக வந்தாலும், கீழே உள்ள வரிசையில் போங்கள். கொடைக்கானலுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

1. கடைக்குப் போகும் முன் சுவிட்ச் போர்டைப் பாருங்கள்

இங்கே வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் பலவும் பழையவை. பல்பும் ரேடியோவும் இஸ்திரிப் பெட்டியும் ஓடினால் போதும் என்று வயர் இழுத்த காலத்தவை. சமையலறையில் இருப்பவை 6 ஆம்பியர் சாக்கெட்டுகளாகத்தான் இருக்கும். 16 ஆம்பியர் சாக்கெட், அந்தப் பெரிய துளை உள்ளது, குளியலறையில் கீசருக்கு மட்டும் ஒன்று இருந்தால் அதிகம்.

6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட்ஸ். நீங்கள் வாங்க நினைக்கும் கருவிகளைப் பாருங்கள்: ஏர் ஃப்ரையர் 1,400 முதல் 1,700 வாட்ஸ், கெட்டில் 1,500, ஓ.டி.ஜி. (கேக் செய்யவும் ரொட்டி வாட்டவும் உதவும் சின்ன மின் அவன்) 1,200 முதல் 2,000, இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 முதல் 2,200. ஏறக்குறைய எதுவும் அந்தச் சின்ன சாக்கெட்டுக்கு உரியதில்லை.

இங்கேதான் எல்லோரும் விழுகிற குழி இருக்கிறது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக ஒரு கன்வெர்ட்டர் எந்தக் கடையிலும் ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும். நானும் வாங்கினேன். ஏர் ஃப்ரையர் வந்த இரண்டாவது வாரம், உருளைக்கிழங்கு வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மீன் கருகுவது போல ஒரு நாற்றம். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதே இல்லை. ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தால், சாக்கெட்டின் வெள்ளை முகம் சுட்ட அப்பளம் போலக் கொப்பளித்திருந்தது. பிளக்கின் பித்தளைக் கம்பிகள் பழுப்பேறியிருந்தன. எலக்ட்ரீஷியன் வந்து போர்டைக் கழற்றியபோது, உள்ளே வயரின் மேலுறை விரல் பட்டதும் உதிர்ந்தது. பின்னால் இருந்தது மரச் சட்டம். அன்று வீட்டில் ஆள் இருந்ததால் தப்பித்தோம். கன்வெர்ட்டரை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். நீட்டிப்பு வயர் பெட்டியும் வேண்டாம்.

எலக்ட்ரீஷியனை அழைத்து நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மெயின் போர்டிலிருந்து சமையலறைக்குத் தனி லைன் இருக்கிறதா? அது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரா? அந்த லைனுக்குத் தனி எம்.சி.பி. (பளு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதா? எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று ஆகாது. பல வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. இண்டக்‌ஷன் மேல் உள்ள எவர்சில்வர் பாத்திரத்தைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஓடுகிறதா, எர்த் இல்லை என்று சந்தேகப்பட்டு உடனே நிறுத்துங்கள். ஈரத் தரையில் நின்று சமைக்கும் ஊர் இது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். மின்கசிவு வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை அணைத்துவிடும்.

எங்களுக்குத் தனி லைன், இரண்டு 16 ஆம்பியர் சாக்கெட், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., கூலி எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய் ஆனது. வேலைக்கு முன்பே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். பாதியை வாடகையில் கழித்துக்கொள்ள எங்கள் வீட்டுக்காரர் சம்மதித்தார், அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஏப்ரல், மே மாதங்களில் எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் லாட்ஜ் வேலைகளில் இருப்பார்கள். நான் பதினாறு நாள் காத்திருந்தேன். பிப்ரவரியிலேயே சொல்லி வைத்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

2. ஈ.பி. இணைப்பில் எவ்வளவு பளு அனுமதி என்று பாருங்கள்

மின் இணைப்பு விவரத்தில் அனுமதிக்கப்பட்ட மின்பளு கிலோவாட்டில் போட்டிருக்கும். சிங்கிள் ஃபேஸ் இணைப்பில் உச்சவரம்பு 4 கிலோவாட். பழைய வீடுகளில் 1 அல்லது 2 என்றுதான் இருக்கும். கீழ்நாட்டில் இது அவ்வளவு உறைக்காது. இங்கே காலை ஆறரைக்குக் கீசர் 2,000 வாட்ஸில் ஓடும், அதே நேரத்தில் நீங்கள் இண்டக்‌ஷனில் பால் காய்ச்சுவீர்கள். இரண்டும் சேர்ந்தாலே 4 கிலோவாட்டைத் தொட்டுவிடும். ஃபிரிட்ஜும் விளக்கும் இன்னும் கணக்கில் வரவில்லை.

பளுவை உயர்த்த, இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் நேரே செய்ய முடியாது. ஆகவே ஒப்பந்தம் போடும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். குடியேறிய பின் கேட்டால் “பார்க்கலாம்மா” என்ற பதில்தான் கிடைக்கும்.

யூனிட் கணக்கு சுலபம்: 1,000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஏர் ஃப்ரையர் இருபது நிமிடத்துக்கு அரை யூனிட். கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 0.1 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் கீழே உள்ள படிகளுக்கும் கூடுதல் கட்டணம் விழும். கீசர் தினம் ஒரு மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்தில் 120 யூனிட் போய்விடும். டிசம்பரில் ரூம் ஹீட்டர் வைப்பவர்கள் 500-க்கு மிக அருகில் இருப்பார்கள். உங்கள் பழைய பில்லை எடுத்துவைத்துக்கொண்டு புதுக் கருவியின் யூனிட்டைக் கூட்டிப் பாருங்கள்.

3. கொதிநிலை மாறும், கருவியின் பட்டன் மாறாது

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. குன்னூரில் தண்ணீர் 94 டிகிரி அளவில் கொதித்துவிடும், ஊட்டியில் 93-க்கும் சற்றுக் கீழே. கொதி வந்துவிட்டதே என்று பார்த்தால் பருப்பு கல்லாக இருப்பது இதனால்தான்.

குக்கர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும், ஆனால் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் கூட்டும். ஆகவே குக்கருக்குள்ளும் சூடு கீழ்நாட்டைவிட நான்கு டிகிரி போலக் குறைவு. 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சமைக்கும் நேரத்தை 5 சதவீதம் கூட்டச் சொல்வார்கள். குன்னூருக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், ஊட்டிக்கு நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். திருச்சியில் துவரம் பருப்புக்கு மூன்று விசில் வைத்தவள் இங்கே நான்கு வைத்து, ஆவி தானே அடங்கும்வரை விடுகிறேன்.

காய்ந்த அவரைக்கு விசில் கணக்கும் போதாது. பக்கத்து வீட்டுப் படுகர் அக்கா, என் அவரைக் குழம்பை ருசி பார்த்த அன்றே சொல்லிவிட்டார்: “ராத்திரி வெந்நீர்ல ஊறப்போடு கண்ணு. பச்சத்தண்ணியில போட்டா இந்தக் குளிர்ல உள்ள வரைக்கும் ஊறாது.” அன்றிலிருந்து அப்படித்தான்.

பட்டன் தட்டினால் தானே சமைக்கும் கருவிகளில் உள்ள நேரக் கணக்கு சமவெளிக்கானது. கையால் நேரம் வைக்கும் வசதி இல்லாத எந்தக் கருவியையும் மலை வீட்டுக்கு வாங்காதீர்கள்.

4. எதை வாங்கலாம், எதை விடலாம்

முதல் இடம் எலெக்ட்ரிக் கெட்டிலுக்கு. ஆயிரம் ரூபாய் அளவில் முடிந்துவிடும். குடிக்க, மாவு பிசைய, பருப்பு ஊற, பாத்திரத்தின் பிசுக்குப் போக என்று நாளெல்லாம் வெந்நீர் கேட்கும் ஊர். பகட்டு இல்லாத கருவி, ஆனால் நான் வாங்கியதிலேயே காசுக்கு அதிகம் உழைப்பது இதுதான்.

அடுத்து ஓ.டி.ஜி. கேக்குக்காக வாங்கினேன், இட்லி மாவுக்காக வைத்திருக்கிறேன். டிசம்பரில் இங்கே மாவு புளிப்பதில்லை. கம்பளி சுற்றி, அரிசி டிரம்முக்குள் வைத்து, முப்பது மணி நேரம் கழித்தும் அரைத்த மாவு அரைத்தபடியே இருந்த நாட்கள் உண்டு. ஓ.டி.ஜி.க்குள் 15 அல்லது 25 வாட்ஸ் விளக்கு ஒன்று இருக்கும். சூடாக்கும் கம்பியை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் எரியவிட்டால் மாவுக்கு வேண்டிய வெதுவெதுப்பு உள்ளே வந்துவிடும். உளுந்தை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, உப்பைப் போடாமல், மாலை ஆறு மணிக்குப் பாத்திரத்தை உள்ளே வைப்பேன். அடியில் ஒரு தட்டு அவசியம். இரவு பத்து மணிக்குக் கண்ணாடி வழியே பார்த்தால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக நிற்கும். காலை ஏழுக்கு மாவு விளிம்பைத் தொட்டிருக்கும். உப்பை அப்போது கலந்தால் போதும், ஏனென்றால் குளிரில் உப்பு புளிப்பை இன்னும் தாமதப்படுத்தும். இரவு முழுக்க எரிந்தாலும் 0.3 யூனிட்தான். தயிரும் இதே விளக்கில் உறைகிறது.

ஆனால் வாங்கும்போது கடையிலேயே செருகிப் பாருங்கள்: சூடாக்காமல் விளக்கு மட்டும் எரிகிறதா? சில மாடல்களில் சூடு ஓடும்போது மட்டும்தான் விளக்கு எரியும். அது உங்களுக்குப் பயன்படாது. மாவு உள்ளே இருக்கும்போது திருகின் மேல் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். என் மகன் ஒருமுறை ரொட்டி வாட்டத் திருகிவிட்டான், இரண்டு கிலோ மாவு போனது. கேக் செய்பவர்கள் பேக்கிங் பவுடரை நாலில் ஒரு பங்கு குறைத்து, சூட்டைப் பத்து டிகிரி கூட்டுங்கள். உயரத்தில் கேக் வேகமாக எழும்பி நடுவில் அமுங்கிவிடும்.

ஏர் ஃப்ரையர்? இரண்டு, மூன்று பேர் உள்ள வீட்டுக்கு வாங்கலாம். குளிரில் ஜன்னலைத் திறக்க முடியாது, வாணலியில் பொரித்தால் எண்ணெய் வாடை போர்வைவரை ஏறும். அந்த வீட்டில் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் பீன்ஸும் புகையில்லாமல் மொறுமொறுப்பாக வருவது நல்ல விஷயம். மூடுபனியில் நமுத்துப்போன வர்க்கியை (ஊட்டிப் பக்கத்து அடுக்கு பிஸ்கட்) 150 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்தால், பேக்கரியில் அன்று எடுத்தது போல அடுக்கடுக்காக உடையும். ஆனால் பஜ்ஜி, வடை எதிர்பார்க்காதீர்கள். ஈர மாவு கூடையின் துளை வழியே வழியும். ஐந்து பேர் வீட்டில் நாலு லிட்டர் கூடையை மூன்று முறை நிரப்ப வேண்டியிருக்கும், முதல் ஈடு அதற்குள் ஆறிவிடும். அதைவிட ஓ.டி.ஜி. தட்டே மேல்.

இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டாவது அடுப்பாக இருக்கட்டும். மழையில் மரம் விழுந்து சாலை அடைபட்டால் சிலிண்டர் வண்டி வராது, ஆனால் அதே மரம் கரண்டையும் அறுத்திருக்கும். ஆகவே காஸை விட்டுவிடாதீர்கள். விலையில் பாத்திரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒரு காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வையுங்கள். ஒட்டாதது எதுவும் இதில் சூடாகாது. எனக்கு ஒட்டியவை இரண்டே இரண்டு.

பட்டன் வைத்த எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் வேண்டாம். இதில் அழுத்தம் நம் விசில் குக்கரைவிடப் பொதுவாகக் குறைவு, உயரமும் சேர்ந்தால் கொண்டைக்கடலை ஒரு மணி நேரம் கேட்கிறது. மைத்துனிக்குப் போனது இதுதான், அவள் மதுரையில் அதை மெச்சிக்கொண்டிருக்கிறாள். சாதாரண ரைஸ் குக்கர் வைத்திருப்பவர்கள் அரிசியை அரை மணி ஊறவைத்து, கால் டம்ளர் தண்ணீர் கூட்டுங்கள், போதும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பலர் ஆடம்பரம் என்பார்கள். ஜனவரி காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தண்ணீரைத் தானே சூடாக்கும், ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் அளவே செலவாகும். ஆனால் தண்ணீர் வேகம் வேண்டும். மேல்தொட்டி ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் அழுத்தம்தான் தரும், இயந்திரங்கள் பொதுவாக 0.3 முதல் 0.5 பார் கேட்கும். ஓட்டு வீட்டில் தொட்டி தலைக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால் ஓடாது. அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சப்பாத்தி போடும் கருவி, காபி மெஷின், நிதானமாகப் பிழியும் ஜூசர்: மூன்றுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. பரணில் இருப்பது அதில் முதலாவது.

5. வாங்கும் இடத்தைவிட ரிப்பேர் செய்யும் இடம் முக்கியம்

ஆன்லைனில் உங்கள் 643-இல் தொடங்கும் பின்கோடைப் போட்டு டெலிவரி உண்டா என்று மட்டும் பார்க்காதீர்கள். திருப்பி எடுக்க வருவார்களா, வீட்டுக்கு வந்து பழுது பார்ப்பார்களா என்று கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்துப் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். எரிந்த ஏர் ஃப்ரையருக்கு நான் அழைத்தபோது, “உங்கள் பகுதிக்கு கோயம்புத்தூர் சென்டர்தான், நீங்களே கொண்டு வாருங்கள்” என்றார்கள். போக எழுபது கிலோமீட்டர், கொடுக்க ஒரு நாள், திரும்ப வாங்க ஒரு நாள். பிளக் எரிந்தது வயரிங் கோளாறு, வாரண்டியில் வராது என்று கடைசியில் சொல்லி அனுப்பினார்கள்.

குன்னூர், ஊட்டி கடைகளில் சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் கெட்டில், இண்டக்‌ஷன், ஓ.டி.ஜி. மூன்றையும் இங்கேயே வாங்குங்கள். கடைக்காரர் தன் வண்டியிலேயே கீழே அனுப்பி வாங்கித் தருவாரா என்று முன்பே கேளுங்கள், பலர் செய்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வாங்கி உங்கள் வண்டியில் ஏற்றினால், டி.என். 43 (நீலகிரி) பதிவு இல்லாத வண்டிக்கு மலையேற இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்களின் வண்டி வெளியூர்ப் பதிவில்தான் இருக்கும், மறந்துவிடாதீர்கள்.

6. வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். வெப்பத்தில் அச்சான பில் இங்குள்ள ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் வெளுத்துவிடும், அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். வயரிங் செய்த எலக்ட்ரீஷியனிடமும் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். பின்னால் வயரிங் கோளாறு என்று வாரண்டியை மறுத்தால் எதிர்த்துப் பேச அது உதவும். அட்டைப் பெட்டியையும் ஒரு மாதம் தூக்கிப் போடாதீர்கள்.

கம்பெனி கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், செலவில்லை. அதிலும் தீராவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

7. முதல் பத்து நாளும் மழைக்காலமும்

வாங்கிய அன்றே முழுச் சூட்டில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். பிறகு கருவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. முதல் பத்து நாள் தினமும் இதைச் செய்யுங்கள். குறை இருந்தால் மாற்றிக் கேட்கவும் இந்த நாட்கள்தான் வசதி.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை பலமாக இருக்கும். கருவிகளைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சுவரே வியர்க்கும். இண்டக்‌ஷன் அடியில் உள்ள மின்விசிறி ஈரக் காற்றை உள்ளே இழுக்கும், மாதம் ஒருமுறை அந்த ஓட்டைகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கரண்ட் போனால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது வோல்டேஜ் துள்ளும். விளக்கு ஐந்து நிமிடம் சீராக எரிந்த பிறகு, முதலில் ஃபிரிட்ஜ், அப்புறம் மற்றவை. வெகுநேரம் வராவிட்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அழைக்கும்போது மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், அதை மெயின் போர்டின் மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.